பத்து எம்.எம். டிரில்

வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு டேப் உடைந்தபோது பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் நான்: சாலமோன், வயது எழுபத்தொன்று, பட்டறையின் உரிமையாளர். அடுத்து என் மகன் ரெஜி. அவன் மனைவி மகிமா. மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது அவள்தான். மெஷினை ஓட்டும் நிலவன். வியாசர்பாடிக்காரன், எங்களிடம் ஒன்பது வருடமாக இருக்கிறான். ஐந்தாவது ஆள் பக்கத்து லேத் பட்டறை மண்ணாங்கட்டி. மைக்ரோமீட்டர் இரவல் கேட்டு வந்தவர், வாங்கிய பிறகும் போகாமல் நின்றிருந்தார். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்து கண்ணால் பார்த்ததாக இப்போது பலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் யாரும் இல்லை.

டேப் என்பது துளைக்குள் திருகு மரை வெட்டும் கருவி. திருகிக்கொண்டே இறங்கும், வந்த வழியே திருகிக்கொண்டு ஏறும். மெஷின் அதை ஒரு துளைக்கு ஆறு விநாடியில் செய்துவிடும். அன்று பதினைந்து துளைகளுக்குச் செய்தது. பதினாறாவதில் இறங்கிய டேப் ஏறவில்லை. கரும்பைக் கடித்தாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹோல்டர் மட்டும் மேலே வந்தது.

"போச்சா?" என்றார் மண்ணாங்கட்டி. "டேப்பு உள்ள, காம்பு வெளில. கண்ணால மண்டபத்துல மாப்ள ஓடிப்போன மாரி கீது."

யாரும் சிரிக்கவில்லை.

துளை இருந்தது நாற்பது கிலோ எஃகுக் கட்டையில். எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, கடலடி மண்ணை வாரும் கப்பலின் பம்புக்காகக் கொடுத்த கட்டை. எஃகு அவர்களுடையது. கெட்டுப்போனால் இன்னொன்று வர ஆறு வாரம் ஆகும், கப்பல் அதுவரை நிற்கும். அவர்களுடைய இன்ஸ்பெக்டர் கருணாகரன் அன்று மாலை நான்கு மணிக்கு வந்து பார்த்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

போன மாதம் நாங்கள் கொடுத்த வேலையில் இரண்டு துளைகளில் மரை தளர்வாக இருந்தது. மரையைச் சோதிக்கும் கேஜ்களில் உள்ளே போகக்கூடாத கேஜ் ஒன்றரைச் சுற்று போய்விட்டது. கருணாகரன் அதைத் திருகிக் காட்டிக்கொண்டே, "ஏசுவடியான் அண்ட் சன்ஸ் வேலையா சார் இது?" என்று கேட்டார். என் மகன் முன்னால், மண்ணாங்கட்டி முன்னால் கேட்டார். ஏசுவடியான் என் தகப்பனார். பலகையில் இருப்பது அவர் பெயர். இன்னொரு தடவை இப்படி ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரமாக அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன்.

"ஸ்பீட் குமிழ்ல கை வச்சியா?" என்று ரெஜி நிலவனைப் பார்த்துக் கத்தினான்.

"டேப் அடிக்கசொல்ல அந்தக் குமிழு வேலையே செய்யாது சார். மெஷினே லாக் பண்ணிடும். உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

"அப்ப ஆயில்?"

"பாருங்க, இன்னும் ஊத்திகினு கீது."

"அப்ப புரோகிராமுதான் நைனா," என்றார் மண்ணாங்கட்டி. "கம்ப்யூட்டரு அடிச்சா கம்ப்யூட்டரயா கேக்க முடியும்? எழுதுனவங்களத்தான் கேக்கணும்."

மகிமா அவரைப் பார்க்கவில்லை. திரையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சுத்துற வேகமும் இறங்குற வேகமும் சரியாத்தான் இருக்கு மாமா. பதினஞ்சு ஓட்டைக்குச் சரியா இருந்த புரோகிராம் பதினாறாவதுக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டேப் இறங்குவதற்கு முன்னால் டிரில் இறங்கித் துளை போடும். அந்த மரைக்கு டிரில் பத்து பாயின்ட் இரண்டு எம்.எம். இருக்கவேண்டும். அன்று காலை ஏழு மணிக்கு நான் பட்டறையைத் திறந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கும். ஹோல்டரிலிருந்த டிரில்லைக் கழற்றிவிட்டுப் பத்து எம்.எம். டிரில்லை மாட்டினேன். பழையது எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்ததோ அதே நீளத்துக்கு உயர அளவுகோலில் வைத்துச் சரிபார்த்தேன். அதில் மயிரிழை பிசகவில்லை. துளை கொஞ்சம் சிறிதாக இருந்தால் மரை நிறைவாக விழும், தளராது. கருணாகரன் தன் கேஜை வைத்துக்கொண்டு முழிக்கட்டும் என்று நினைத்தேன். கையால் டேப் அடிக்கிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. இறுக்கம் ஏறினால் உள்ளங்கைக்குத் தெரியும், அரைச் சுற்று திருப்பி எடுத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு உள்ளங்கை இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செய்யும் வழக்கம் இல்லை. இளையவர் ஏன் என்று கேட்கும் வழக்கமும் இல்லை. ராயபுரத்தில் என் தகப்பனார் தமது இரும்புக் கடையை விற்ற செய்தியை, கடையை வாங்கியவர் வந்து எங்களை வெளியே போகச் சொன்னபோதுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"கட்டையக் கழத்துங்க," என்றேன். "டோல்கேட் அப்பாவுகிட்ட கொண்டு போவோம்."

உள்ளே உடைந்த டேப்பை டிரில் வெட்டாது. டேப் அதைவிடக் கடினம். சுத்தியால் தட்டினால் மரை சிதையும். மின்பொறியால் அதன் நடுத்தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்கும் ஸ்பார்க் மெஷின் டோல்கேட் பக்கத்துச் சந்தில் அப்பாவுவிடம் இருக்கிறது.

"வைஸ் புடியிலேர்ந்து எடுத்தா செட்டிங் போயிரும் மாமா. திரும்ப டயல் வச்சுப் புடிக்க முக்கா மணி நேரம் ஆகும்," என்றாள் மகிமா.

"ஆகட்டும்."

நானும் நிலவனும் கட்டையைப் பட்டறையின் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அவன் ஓட்டினான். காலடிப்பேட்டையைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எங்கோ ஒரு லாரி பழுதாகியிருந்தது. முன்னால் கன்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று. மேலே மெட்ரோ இரண்டு தடவை எங்களைக் கடந்து போயிற்று. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. நான் கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினேன்.

"அண்ணாச்சி," என்றான் நிலவன்.

"என்ன?"

"பதினஞ்சாவது ஓட்டைய வெர்னியர் வச்சுப் பாத்தேன். சின்னதா கீது. நீங்க சட்டை மாத்தப் போகசொல்ல டிரில்லயும் அளந்தேன். பத்து."

நான் முன்னால் நின்ற லாரியின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து சாயங்காலம் நான் மாட்னது பத்து பாயின்ட் ரெண்டு. என் கையால மாட்னேன். அப்பால பூட்டினு போனது நீங்க. தொறந்ததும் நீங்க."

"வண்டிய ஓட்டு."

"வண்டி எங்க ஓடுது? நின்னுகினு கீது."

ஹாரன்கள் அடித்தன. ஒருவன் வேர்க்கடலை விற்றுக்கொண்டு எங்கள் ஜன்னல் வரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினான்.

"ரெஜி சார்கிட்ட இன்னும் சொல்லல," என்றான் நிலவன். "நீங்களே சொல்வீங்கன்னுதான் வுட்டேன்."

"நான் எப்ப எதச் சொல்லணும்னு நீ எனக்குச் சொல்லாத. ஏசுவடியான் குடும்பத்துப் பேரு எழுபது வருசப் பேரு."

"எங்க வூட்லயும் பேரு கீது அண்ணாச்சி. எங்கப்பா கிருஷ்ணப்பன். ரயில்வேல முப்பத்தஞ்சு வருசம் கேங்மேன். ஒரு மெமோ வாங்கனதில்ல. போர்டுல எழுதி மாட்டல, அவ்ளோதான்."

அவன் குரலை உயர்த்தவில்லை. லாரி நகர்ந்தது. கியரைப் போட்டான். டோல்கேட் சந்தில் போய் நிறுத்தினான்.

அப்பாவு கட்டையைத் தொட்டியில் இறக்கி, எண்ணெயைத் திறந்துவிட்டு, துளைக்கு நேராகச் செம்புக் கம்பியை நிறுத்தினார். எண்ணெய்க்குள் நீலப் பொறி தெறித்தது. தாளிப்பில் கடுகு வெடிக்கிற சத்தம்.

"எவ்ளோ நேரம்?" என்றேன்.

"ஒன்ற மணி. ஒக்காருங்க அண்ணாச்சி."

உட்காரவில்லை. வாசலுக்குப் போனேன். தொட்டிக்கு வந்தேன். மீட்டர் முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன்.

"நீங்க நடக்கறதால அது வேகமா அரிக்காது," என்றார் அப்பாவு.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. தரை தேயுது, அதுக்குச் சொன்னேன்."

ஒன்றேகாலுக்கு ரெஜி போன் செய்தான். என் காது மந்தம் என்பதால் போனைச் சத்தமாகவே வைத்திருப்பேன்.

"அப்பா, கருணாகரன் சார் பேசினாரு. டேப் உடைஞ்சத சொல்லிட்டேன், மறைக்க முடியல. கட்டை சரியானாலும் ஒரு ஃபார்ம் எழுதிக் குடுக்கணுமாம். என்ன காரணம், யார் பொறுப்பு, அவங்க மேல என்ன நடவடிக்கை. பேரு போடணுமாம்."

"சரி."

"நிலவன் பேரப் போட்டுருவோம்ப்பா. வேலையவிட்டு நிறுத்திட்டோம்னு எழுதுவோம். ரெண்டு மாசம் கழிச்சு திரும்பக் கூப்டுக்கலாம், அந்த ரெண்டு மாசச் சம்பளத்தையும் குடுத்துரலாம். நம்ம பேரு தப்பிச்சிரும். நீங்கதானப்பா சொல்லுவீங்க, பேரு போனா பட்டறை போச்சுன்னு?"

நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவன் பள்ளிக்கூடம் போகும்போதும் சொன்னேன், அவன் கல்யாணத்தன்றும் சொன்னேன். அதை அவன் ஒழுங்காகக் கற்றிருந்தான்.

நிலவனுக்கு எல்லாம் கேட்டது. எண்ணெய்க் குழாயைப் பிடித்தபடி துளையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாசல்வரை போய் நின்றேன். வெயிலில் கண் கூசியது. நாலு மணிக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவர் செய்ததற்கு இன்னொரு வீட்டார் பெயரை எழுதிக் கொடுத்து, அந்தத் தாளின் கீழே என் தகப்பனார் பெயர் பொறித்த முத்திரையை நான் குத்த வேண்டும். அந்த முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

"மகிமாகிட்ட போனக் குடு," என்றேன்.

"எதுக்குப்பா?"

"குடுலே."

மகிமா வந்தாள். "அந்த டிரில் பத்து எம்.எம்.," என்றேன். "காலைல நான் மாத்துனேன்."

"எதுக்கு மாமா?" என்றாள்.

எழுபத்தொரு வயதில் என்னை வீட்டார் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மரை தளரக் கூடாதுன்னு."

"போன மாசம் மரை தளர்ந்தது டிரில்லால இல்ல மாமா. டேப் புடிக்கிற ஹோல்டர் ஆடுச்சு. அத நான் போன வாரமே மாத்திட்டேன்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

அவளே மறுபடி பேசினாள். இப்போது குரலில் அவசரம் வந்திருந்தது. "அப்ப மத்த பதினஞ்சும் சின்னதுதான். அந்த ஓட்டைல அவங்க கேஜ் இறங்காது. பதினாறையும் பத்து பாயின்ட் ரெண்டுல திரும்ப ஓட்டி, கையால டேப் இறக்கி எடுக்கணும். நல்ல வேளை இப்ப சொன்னீங்க, நாலு மணிக்குத் தெரிஞ்சிருந்தா அவ்வளவுதான். எடுத்த உடனே வாங்க மாமா."

அவளுக்குப் பின்னால் ரெஜியின் குரல் கேட்டது. "அப்பா அந்தாளக் காப்பாத்தறதுக்குச் சொல்றாங்க. அப்பா போய் இப்படித் தப்பு பண்ணுவாங்களா?" அதற்கு மண்ணாங்கட்டியின் குரல்: "தங்கமான மனுசன் யா. யாரு செய்வா இந்தக் காலத்துல?" மைக்ரோமீட்டரோடு அவர் அப்போதும் அங்கேயேதான் நின்றிருந்திருக்கிறார். வேலைக்காரன் பழியை நான் ஏற்றேன் என்ற வதந்தி பிறந்த இடமும் நேரமும் அதுதான். அதைப் பெற்றவன் என் மகன்.

இரண்டு பத்துக்குச் செம்புக் கம்பி அடிவரை இறங்கியது. டேப்பின் நடுத்தண்டு போய், ஓரச் சில்லுகள் மட்டும் மரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. நிலவன் ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். நான்கு சில்லு. மரை தப்பியிருந்தது, ஓரிடத்தில் கீறல்.

பட்டறைக்கு வந்து கட்டையை வைஸில் ஏற்றி, மகிமா டயல் வைத்து மட்டம் பிடித்தாள். மெஷின் பதினாறு துளைகளையும் பத்து பாயின்ட் இரண்டில் மறுபடி ஓட்டியது. பழைய மரையின் தொடக்கத்தை மெஷின் கண்டுபிடிக்காது, அதனால் கைப்பிடியில் டேப்பைப் பூட்டி நாங்களே இறக்கினோம். ஒரு பக்கம் நிலவன், மறு பக்கம் நான். ஆளுக்கு எட்டு என்று பேச்சு. நான் ஐந்து செய்தேன். ஆறாவதைத் திருப்ப எனக்குப் பலம் போதவில்லை. நிலவன் கைப்பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மீதி பதினொன்றும் அவன் செய்தது. கடைசித் துளையை ஊதிச் சுத்தம் செய்யும்போது வெளியே கருணாகரனின் கார் நின்றது. மணி நான்கு ஐந்து.

அவர் கேஜை ஒவ்வொரு துளையாகத் திருகினார். இறங்க வேண்டியது இறங்கியது, இறங்கக் கூடாதது நின்றது. பதினாறாவதில் டார்ச் அடித்துப் பார்த்தார். "கீறல் இருக்கு. எழுதிக்கறேன். பாஸ்," என்றார். பிறகு ஃபார்மை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆபரேட்டர் மிஸ்டேக்குன்னு போட்ருங்க சார். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"ஆபரேட்டர் மிஸ்டேக் இல்ல," என்றேன். காரணம் என்ற இடத்தில், வரைபடத்தில் சொன்ன அளவைவிடச் சிறிய டிரில் மாட்டப்பட்டது என்று எழுதினேன். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

"ஓனர் பேரு போட்டா மேல கேள்வி வரும் சார். ஓனரே இப்படின்னா கம்பெனில எப்படி நம்புவாங்க?"

"வரட்டும்."

"நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுதறது?"

யோசித்தேன். என் சாவிக்கொத்திலிருந்து டூல் அலமாரிச் சாவியை மட்டும் கழற்றி மகிமாவிடம் கொடுத்தேன். அதையே எழுதினேன். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

கேள்வி வந்தது. மூன்று மாதத்துக்குப் புது வேலை கிடையாது என்று கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. பெயரை எடுக்கவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபைக் கமிட்டியில் இருக்கும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேலைக்காரன் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் வராது என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். திங்கட்கிழமை டீக்கடையில் மண்ணாங்கட்டி அதையே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க," என்றேன். "டிரில்ல மாத்துனது நான்தான்."

"பாத்தியா, பாத்தியா?" என்றார் அவர் டீ மாஸ்டரிடம். "இப்பகூட அந்த ஆள வுட்டுக் குடுக்கறாரா பாரு!"

இரண்டாம் தடவை இன்னும் உரக்கச் சொன்னேன். கடையில் இருந்த எல்லோரும் என்னை இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள். அங்கே நின்றிருந்த நிலவன் கண்ணாடி டம்ளரைப் பாதி டீயோடு வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று மத்தியானம் மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எம் பொண்ண ஸ்கூல்ல கேட்டுகீறாங்க அண்ணாச்சி. உங்கப்பா ஒடச்சத மொதலாளி மன்னிச்சு வுட்டாராமேன்னு."

எல்லோரிடமும் போய் மறுத்துச் சொல்லும்படி ரெஜியிடம் சொன்னேன். "நல்ல பேருதானேப்பா, இருந்துட்டுப் போகட்டுமே," என்றான்.

நமக்குச் சேராத பேர் நமக்கு வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். வாயால் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நிலவன் டேப்பை உடைத்தான் என்பது பொய். அவனுக்காக நான் பழி ஏற்றேன் என்பதும் பொய். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரில் மாற்றப்பட்டபோது பட்டறையில் இருந்தவர் ஒருவர்: சாலமோன். நிலவன் வேலைக்கு வந்தது எட்டரைக்கு.